பன்னிரண்டாயிரத்து அறுநூற்று நாற்பதும் பத்தொன்பதும்

என் அப்பா ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும் நடுவில் எத்தனை கிலோமீட்டர், போக எத்தனை மணி நேரம், திரும்பி வர எத்தனை மணி நேரம் என்று கேட்ட மூச்சில் சொல்லிவிடுவார். முப்பத்தொரு வருடம் ஒரு பயண அலுவலகத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருந்தது அந்த அலுவலகம். படியேறி வருகிறவர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "மைல்கல் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

"பொருத்தமாத்தான் பேர் வச்சிருக்காங்க" என்பாள் அம்மா. "ஊருக்கெல்லாம் தூரம் சொல்லும். தான் மட்டும் நின்ன இடத்தை விட்டு ஒரு அடி நகராது."

அம்மா பள்ளிக்கூடப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தாள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் அவள் ஒரு அதட்டல் போட்டால் பேருந்தே அடங்கும். டிரைவர்கூடக் கையைக் கட்டிக்கொள்வார் என்று அப்பா கேலி செய்வார். எங்கள் வீட்டில் பேச்சு என்பது அம்மாவினுடையது. அப்பாவுக்கு எண்கள் போதும்.

அவருடைய மேசையில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே ஒரு உலக உருண்டை இருந்தது. மூடிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்தது. அச்சு கொஞ்சம் சாய்ந்து, சுற்றினால் கிறீச்சென்று கத்தும். அதன் பக்கத்தில் ஒரு வெள்ளை நூல். ஊரைச் சொன்னால் நூலின் ஒரு முனையை இங்கே வைத்து, இன்னொரு முனையை அங்கே இழுத்துப் பிடித்து, ஸ்கேலில் வைத்துப் பார்ப்பார். அந்த உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நானூற்று இருபத்தைந்து கிலோமீட்டர். "சுவத்துல மாட்டற மேப் பொய் சொல்லும். உருண்டைமேல இழுத்துப் பிடிச்ச நூல் பொய் சொல்லாது" என்பார். கம்ப்யூட்டர் வந்த பிறகு நூலுக்கு வேலை இல்லை. அதற்குள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

தூரம் ஒன்றுதான், நேரம் ஒன்றல்ல என்பது அவருக்குப் பிடித்த பாடம். மேலே காற்று ஒரே திசையில் ஓடுகிறது, அதோடு போகிற விமானம் சீக்கிரம் போகும், அதை எதிர்த்துப் போகிறது தாமதமாகும் என்று உருண்டையில் பென்சிலால் அம்புக்குறி போட்டு விளக்குவார். டிக்கெட் எடுக்க வந்தவர் தலையாட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பார். அப்பாவுக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தாலும் விடமாட்டார்.

இரண்டு விஷயங்களை அவர் பொறுக்கமாட்டார். ஒன்று, 'சுமார்' என்ற வார்த்தை. "சுமார்னு சொல்றவன் இந்த நாற்காலியில உட்காரக்கூடாது" என்பார். இன்னொன்று, 'லேட்' என்று சும்மா சொல்வது. நான் பள்ளியிலிருந்து தாமதமாக வந்து, "பஸ் லேட்டுப்பா" என்றால் உடனே கேட்பார்: "எவ்வளவு நேரம்?" தெரியாது என்றால் போச்சு. "எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாத லேட்டு லேட்டே இல்லம்மா. அது சாக்கு."

இப்படி ஒருவர் அப்பாவாக இருந்தால் வெளியாருக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்றோரைக் கூப்பிட்டிருந்த ஒரு நாள் என் வகுப்பு ஆசிரியை, தன் தம்பி வெளிநாட்டில் இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். விட்டாரா இவர்? எந்த ஊர் என்று கேட்டு, கிலோமீட்டரைச் சொல்லி, மேசைமேல் இருந்த பந்தை எடுத்துக் காற்று எப்படி ஓடும் என்று காட்ட ஆரம்பித்துவிட்டார். மார்க் பற்றிப் பேச வந்த பெற்றோர் வரிசையில் நின்று சிரித்தார்கள். மறுநாளிலிருந்து வகுப்பில் எனக்கு 'அரை மைல்' என்று பெயர். வீட்டுக்கு வந்து, "இனிமே நீங்க ஸ்கூலுக்கு வராதீங்கப்பா, அம்மாவை அனுப்புங்க" என்றேன். சரிம்மா என்றார். அதற்குப் பிறகு அவர் என் பள்ளி வாசலை மிதிக்கவில்லை.

எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. செயற்கைப் பல் செய்கிற ஒரு கூடத்தில், அச்சிலிருந்து பல்வரிசையை எடுத்துத் தேய்த்து மெருகேற்றும் வேலை. கிளம்பிய அன்று விமான நிலையத்து வாசலில் என்னோடு படித்த நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அம்மா அழுதுகொண்டே என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பன்னிரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோமீட்டர்மா. போறப்போ எதிர்க்காத்து, பதினஞ்சு மணி நாற்பது நிமிஷம். வர்றப்போ பின்காத்து, பதினாலு மணி பத்து நிமிஷம். வர்றதுதான் சீக்கிரம்."

தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பெற்ற மகள் போகிறாள், இந்த மனிதருக்குச் சொல்வதற்கு வேறு வார்த்தையே இல்லையா என்று விமானத்தில் உட்கார்ந்து பொருமினேன். அந்த எண்களில் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் புரிய ஒன்பது வருடம் ஆயிற்று.

அந்த ஒன்பது வருடத்தில் நான்கு முறை வந்துபோனேன். நான்குக்கும் அப்பாதான் டிக்கெட் போட்டார். கடைசி மூன்று வருடம் வரவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. விடுமுறை கிடைக்கவில்லை, கிடைத்தபோது வேறு எங்கோ போனேன், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அம்மா தொலைபேசியில் கத்துவாள். "பல்லு செய்யறவளே, எங்க பல்லெல்லாம் விழுந்தப்புறம் வரலாம்னு இருக்கியா?" நான் சிரித்து மழுப்புவேன். பிறகு அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்றாள். ஆறு மாதம் சளியென்றே ஓட்டினாள்.

ஒரு திங்கட்கிழமை அப்பா கூப்பிட்டார். தொண்டையில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். "வெள்ளிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துடுவாங்களாம். அதுக்கப்புறம் அவளால பேச முடியாதும்மா. புதன் கிளம்பினா வியாழன் மத்தியானம் வந்துடலாம். டிக்கெட் போட்டுடறேன்."

"இல்லப்பா, நானே போட்டுக்கறேன்."

சரிம்மா என்றார். பிறகு அம்மாவிடம் கொடுத்தார். சருகை மிதிப்பது போல ஒரு குரல் வந்தது. "நேர்ல வாடி. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." அவ்வளவுதான். அதற்கே அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

நானே டிக்கெட் போட்டுக்கொள்கிறேன் என்று ஏன் சொன்னேன்? அப்போது எனக்கே தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அப்பா போட்டால் என் ஒவ்வொரு நிமிடமும் அவர் கையில் இருக்கும். ஒளிந்துகொள்ள ஒரு மூலை வேண்டும் என்று எனக்குள் இருந்த கோழை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டது.

புதன்கிழமை கிளம்பினேன். நேராக வருகிற விமானம். வியாழன் மதியம் மூன்று பத்துக்கு, அப்பா சொல்லும் அதே நிமிடத்தில், சக்கரம் தரையைத் தொட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தடுப்புக்குப் பின்னால் ஒரு கூட்டம் யார் யாருக்கோ காத்திருந்தது. நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டாக்ஸிக்காரர் எங்கே போகணும் என்று கேட்டபோது ஆஸ்பத்திரியின் பெயர் என் வாயில் வரவில்லை. எதிரே தெரிந்த ஹோட்டலைக் காட்டினேன். "இதுக்கு எதுக்கும்மா டாக்ஸி, நடந்தே போயிடலாமே" என்று அவர் சிரித்தார். இருந்தாலும் ஏறிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு போகலாம் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படுக்கையின் ஓரத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடம் போகாமல் இருந்துவிட்டு இன்று போய் நின்றால் அம்மா என்ன சொல்வாள்? அவள் திட்டினால்கூடப் பரவாயில்லை. அந்தச் சருகுக் குரலில் அன்பாக ஏதாவது சொல்லிவிட்டால்? அதுதான் அவள் குரலில் நான் கேட்கும் கடைசி வார்த்தை என்று தெரிந்துகொண்டே எப்படிக் கேட்பது? போனை அணைத்தேன். திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே விழித்துவிட்டேன். அப்போது புறப்பட்டிருந்தாலும் அவளைப் பார்த்திருக்கலாம். குளித்தேன். பெட்டியிலிருந்த துணிகளை வெளியே எடுத்துப் போட்டு, மறுபடி மடித்து அடுக்கினேன். எட்டு மணி ஆயிற்று. எட்டரை. ஒன்பது அடித்ததும் என் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. தாயின் குரல் போகிற நேரத்தில் அப்பாடா என்று மூச்சு விட்டவள் நான்.

பதினொன்றரைக்குக் கிளம்பி, பன்னிரண்டு பத்துக்கு ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தேன். கட்டில் காலியாக இருந்தது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, அன்று காலையில்தான் அத்தையோடு வந்திருந்தார். பார்த்ததும் எழுந்தார்.

"இப்பத்தான் வர்றியா? உள்ள கூட்டிட்டுப் போய் மூணு மணி நேரம் ஆச்சு. திங்கட்கிழமையிலேருந்து அக்கா யார்கிட்டயும் வாயைத் திறக்கலையாம். பேசினா வலிக்குதுன்னு, 'அவ வரட்டும், அவகிட்ட பேசணும்'னு கையால காட்டிட்டு, இருக்கற குரலை மிச்சம் பிடிச்சு வச்சிருந்தாளாம். நர்ஸ் சொன்னாங்க. இதைப் பாரு."

கட்டிலுக்குப் பக்கத்து மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அப்பாவின் கையெழுத்து. அம்மா பார்த்துக்கொண்டே இருப்பதற்காக எழுதிக் கொடுத்திருக்கிறார். 'வியாழன். 3.10 இறங்கும். சோதனை, பெட்டி, 1 மணி நேரம். ஆஸ்பத்திரிக்கு 19 கி.மீ., 40 நிமிஷம். 4.50க்கு இந்த அறையில்.'

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. சாகவில்லை. பொய் சொன்னேன்.

"நேரா வர்ற பிளேன் கிடைக்கல மாமா. நடுவுல இறங்கி மாறி வந்தேன். பத்தரைக்குத்தான் இறங்கினேன்." பெட்டிக்கு ஒரு மணி நேரம், சாலையில் நாற்பது நிமிடம். அப்பாவின் மகள் அல்லவா, பொய்யைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஆனால் மாமா விடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் தொழிற்சாலை வேலையாக நான் இருக்கும் ஊருக்கு வந்துபோனவர் அவர். அந்த டிக்கெட்டும் அப்பா போட்டதுதான்.

"மாறி வர்றதா? நானும் அப்படித்தானே வந்தேன். மொத்தம் பத்தொன்பது மணி நேரம், சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கினேன். காலையில பத்தரைக்கு அங்கேயிருந்து ஏது பிளேன்? என்ன அத்தான், நீங்க சொல்லுங்க. இருக்கா?"

அத்தையும் அப்பாவைப் பார்த்தாள். கட்டிலுக்கு விரிப்பு மாற்ற வந்த நர்ஸும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். உலகத்திலேயே என்னைக் காட்டிக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். காட்டிக் கொடுக்க அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வழக்கம்போல உண்மையைச் சொன்னால் போதும்.

அப்பா எழுந்து என் பக்கம் வந்தார். "பெட்டியைக் கொடும்மா" என்று வாங்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். பெட்டியின் கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. விமானத்தின் எண், தேதி, ஊர் எல்லாம் அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். முந்தின நாள் தேதி. நேர் விமானத்தின் எண். சாதாரணமாகக் கிழித்தால் கிழியாத சீட்டு அது. எங்கே பிரித்தால் வரும் என்று அவருக்குத் தெரியும். சத்தமில்லாமல் பிரித்து, மடித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நேரத்தை மாத்திட்டாங்க" என்றார் திரும்பி. "இப்போ சுத்திக்கிட்டு வருது. பதினஞ்சாயிரத்து இருநூறு கிலோமீட்டர். இருபத்தாறு மணி நேரம். எதிர்க்காத்து வேற."

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முப்பது வருடமாக இந்த மனிதரிடம் ஒரு தப்பாவது கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்.

"எதிர்க்காத்தா! வர்றப்போ பின்காத்து, வர்றதுதான் சீக்கிரம், வர்றதுதான் சீக்கிரம்னு என் காதுல எத்தனை தடவை ஓதியிருக்கீங்க?"

"அது தப்பு" என்றார் அப்பா. "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"முப்பது வருஷமாவா?"

"முப்பது வருஷமாத்தான்."

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். நர்ஸும் சிரித்தாள். கவலையோடு உட்கார்ந்திருந்த அறைக்கு அந்தச் சிரிப்பு தேவையாகவும் இருந்தது. அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். என்னைப் பார்க்கவில்லை. மானம் கப்பலேறும் என்பார்கள். என்னுடையது போக வேண்டியது. அவர் தன்னுடையதை எடுத்து ஏற்றி அனுப்பினார். நான் வாயைத் திறந்து, "அவர் சொன்னது தப்பில்ல மாமா, நான்தான் பொய் சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். நான் சொல்லவில்லை.

மாலை ஐந்து மணிக்கு அம்மாவை வெளியே கொண்டுவந்தார்கள். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய். மூச்சு அதன் வழியாக இஸ்ஸென்று போய்வந்தது.

மாமா சும்மா இருக்கிற ஆளா? பயண அலுவலகத்துக்கு யாருக்கோ டிக்கெட் எடுக்கப் போனவர், கதையைக் கை கால் வைத்து அங்கே சொல்லிவிட்டார். மருந்துக்கடை வரை சிரித்தார்களாம். ஒரு வாரம் கழித்து அம்மாவின் மருத்துவச் செலவுக்கான காகிதம் ஒன்றில் முத்திரை வாங்க அப்பாவோடு நானும் அந்த மாடிக்குப் போனேன். உட்கார்ந்திருந்தபோது படியேறி வந்த ஒருவர் கேட்டார்: "எதிர்க்காத்து இருக்காரா?"

அப்பா நிமிர்ந்து, "சொல்லுங்க" என்றார்.

வந்தவர் தன் மகன் போகிற ஊரைச் சொல்லி எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டார். உருண்டை அங்கேயே மேசையில் இருந்தது. அப்பா அதைத் தொடவில்லை.

"சுமார் ஒன்பது மணி நேரம் ஆகும். எதுக்கும் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லச் சொல்றேன்."

சுமார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டேன். என் வெட்கத்தை மறைக்க அவர் தன் பெயரையே கழற்றிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இவரைப் பார்த்து வெட்கப்பட்டேனே, அந்த வெட்கம் எனக்கு எவ்வளவு சுகமான வெட்கம் என்று அப்போது தெரிந்தது. படியிறங்கும்போது, "அப்பா" என்றேன். "பார்த்து இறங்கு, அஞ்சாவது படி உடைஞ்சிருக்கு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அம்மா வீட்டுக்கு வந்தாள். ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தோம். எழுத்திலும் அவள் அதட்டல் குறையவில்லை. 'ஜன்னலைச் சாத்து' என்று எழுதி அடியில் மூன்று கோடு போடுவாள். மூன்றாவது கோடு போட்டால் சத்தம் என்று அர்த்தம். அப்பா, "மெதுவா எழுது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கப்போகுது" என்பார். அம்மா நோட்டால் அவரை அடிப்பாள். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கும்போது நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "போன்ல ஒண்ணு சொல்லணும்னு சொன்னியேம்மா, என்ன அது?"

அம்மா பேனாவை எடுத்தாள். அதன் மூடியைக் கழற்றினாள். பிறகு எழுதினாள்: 'எழுதற விஷயம் இல்லடி.' எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பி, மறுபக்கத்தில் கடைக்குச் சொல்ல வேண்டிய சாமான்களை எழுத ஆரம்பித்தாள்.

மூன்று வாரம் முடிந்து நான் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. என் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா டாக்ஸி பார்க்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். அம்மா கட்டிலில் சாய்ந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நீளமாக எழுதினாள். கோடு எதுவும் போடவில்லை. முடித்ததும் கட்டில் கம்பியைப் பேனாவால் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

'வியாழக்கிழமை மத்தியானம் உன்னைக் கூட்டிட்டு வர அப்பா ஏர்போர்ட்டுக்குப் போனார். ஆறு மணிக்குத் தனியாத் திரும்பி வந்தார். பிளேன் லேட்டுன்னார். எவ்வளவு நேரம் லேட்டுன்னு சொல்லல.'

அதற்குக் கீழே ஒரு வரி விட்டு எழுதியிருந்தாள்.

'எங்கடி இருந்தே?'

நோட்டை வாங்கி மறுபடி படித்தேன். அந்தத் தடுப்புக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில் அப்பாவும் நின்றிருக்கிறார். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்ததையும், அவர் பக்கம் நிமிராமல் போனதையும், டாக்ஸியில் ஏறி எதிரே இருந்த ஹோட்டலில் இறங்கியதையும் பார்த்திருக்கிறார். கூப்பிட்டிருந்தால் நான் திரும்பியிருப்பேன். ஒருவேளை, பள்ளிக்கூடத்துக்கு வராதீங்க என்று சொன்னேனே, அன்றைக்குப்போல இன்றைக்கும் நான் அவரை விரும்பவில்லை என்று நினைத்திருப்பார். நான் வந்துவிடுவேன் என்று அங்கேயே நின்று பார்த்திருப்பார். நாற்பது நிமிடத்தில் வர வேண்டிய ஆஸ்பத்திரிக்கு ஆறு மணிக்கு வந்து, நாலு ஐம்பதிலிருந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், வாழ்க்கையில் முதல்முறையாக எண் இல்லாத ஒரு லேட்டைச் சொல்லியிருக்கிறார். அம்மா அந்த நிமிடமே புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டுதான் மறுநாள் காலை உள்ளே போயிருக்கிறாள்.

வாசலில் டாக்ஸி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அப்பா டிரைவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயில் மூச்சு இஸ்ஸென்று போய்வந்தது.

"ஏர்போர்ட்டுக்கு எதிர்ல இருக்கற ஹோட்டல்ல இருந்தேன்மா" என்றேன். "பயந்துபோய் ரூம்லயே உட்கார்ந்துட்டேன். பன்னிரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் சரியா வந்துட்டேன். அங்கேயிருந்து உன்கிட்ட வர பத்தொன்பது கிலோமீட்டர்தான்."

அம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருடம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவள். தன் கேள்விக்குக் கீழே, கோடு எதுவும் போடாமல், மெதுவாக எழுதினாள்.

'நாற்பது நிமிஷம்.'

எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.